நாலாவது ரவை

ஜனவரி 6, திங்கள்

புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் ஏர்கன். மேகசினில் பத்து ரவை கொள்ளும். விசையை இழுத்தால் ஒன்று போகும், அடுத்தது தானே ஏறி உட்காரும். பழைய மடக்குத் துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கித் திணிக்கிற வேலை இல்லை. தோளில் வைத்தால் பத்தும் முடிந்த பிறகு இறக்கினால் போதும்.

கிளப்பில் இதுவரை எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். மார்ச் 2 தகடு போட்டி இதில்தான். பத்து மீட்டர் தூரம், சோடா மூடி அகலத்தில் பத்துத் தகடு, இருபது வினாடி. எட்டுப் பேரும் என்னிடம் கேட்பது ஒன்றேதான்: "இதுக்கு எந்த ரவைங்க?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ரவைதான் பிடிக்கும். ஒரே பட்டறை, ஒரே எடையாக இருந்தாலும் இந்த லாட், அதாவது ஒரு தடவை அடித்த சரக்கு, இலக்கில் ஒரே இடத்தில் ஒட்டும், அடுத்த லாட் ஒட்டாது. என் ரவைக்கடைக்குப் பின்னால் பத்து மீட்டர் சந்து வைத்திருப்பது அதற்காகத்தான். நான் சுட்டுப் பார்த்துத் திருப்தியான லாட்டுக்கு மட்டும் சிவப்பு முத்திரை விழும். "கையால் சுட்டுத் தேர்ந்தது. தெ.சி." தெய்வசிகாமணி என்று முழுப் பெயர் போட முத்திரையில் இடமில்லை. கோயமுத்தூரில் ரவை வாங்குகிறவன் டப்பாவைத் திருப்பி இந்த முத்திரையைத்தான் முதலில் தேடுவான். இருபத்திரண்டு வருஷச் சம்பாத்தியம் அது.

நாளை, எனக்கு ரவை அடித்துத் தருகிற ராஜுலுவின் 41-ம் லாட்டைச் சுட வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

41 சரியில்லை. முதல் மூன்று ஒரே ஓட்டை. நாலாவதிலிருந்து கோழி கிளறின மாதிரி. நாலு மேகசின் போட்டேன், நாலிலும் இதே கதை.

அதே ரவையைப் பழைய மடக்குத் துப்பாக்கியில் போட்டால் பத்தும் ஒரே இடத்தில். ஆகவே ரவையிலும் முழுக் கோளாறு இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் கோளாறு. எனக்குப் புரிந்துவிட்டது. மேகசின் ஸ்பிரிங் பின்னால் நிற்கும் ரவைகளை அழுத்துகிறது. ரவையின் விளிம்பு மெல்லிசு, ஈயம் மெத்தென்று இருந்தால் நசுங்கத்தானே செய்யும்? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நசுங்கல் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

ராஜுலுவின் பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன். கணபதி பகுதியில், லேத்து மிஷின்களுக்கு நடுவில் அவன் அச்சு. ஈயக் கம்பியை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் இடுப்பு ஒடுங்கி, விளிம்பு விரிந்து ரவை விழும். அந்த விளிம்புக்கு அவன் பட்டறையில் பாவாடை என்று பெயர்.

"ஈயத்துல ஆன்டிமனி கொஞ்சம் கூட்டு ராஜுலு. கெட்டியாகட்டும்."

"கெட்டியானா பாவாடை விரியாதுய்யா. விரிஞ்சாத்தான் குழலைக் கவ்வும். கவ்வலைன்னா காத்து பக்கத்துல ஓடிரும். உனக்குத் தெரியாததா?"

"இது செமி ஆட்டோ. வேற கணக்கு."

"யோவ் சிகாமணி, துப்பாக்கியை இந்த வைஸ்ல கடிக்க வெச்சு ஒரு மேகசின் போட்டுப் பாத்தரலாமா? ரெண்டு நிமிச வேலை."

மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கியைக் காட்டினான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வாங்கறவன் எவனும் வைஸ்ல மாட்டிச் சுடறதில்ல. மனுசன் கையிலதான் சுடறான். நானும் கையிலதான் சுடுவேன்" என்றேன். அவன் வைஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். கெட்டி ஈயத்தில் ஒரு லாட் போட்டுத் தருவதாகச் சொன்னான். இதேபோல் சிதறுகிறது என்று முன்பே ஒதுக்கின 38, 39, கூடவே 41, மூன்றையும் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினான்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கடை இல்லை. புதுச் சட்டையின் பொத்தான் ஓட்டைகளைத் தையல்காரன் சின்னதாகப் போட்டுவிட்டான். கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். மனைவி பூங்கோதை வந்து பொத்தானைப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

காப்பித் தூள் சரியில்லை, வாசமே இல்லை என்றேன். "போன மாசம் வாங்குன அதே கடைத் தூள்தானுங்க" என்றாள் பூங்கோதை. இப்போதெல்லாம் டம்ளரில் முக்கால்தான் ஊற்றுகிறாள். கேட்டால், "சூடா இன்னொருக்கா தரலாம்னு" என்கிறாள். முப்பத்தொரு வருஷமாக இல்லாத கரிசனம்.

இந்த வருஷ டைரியில் கோடுகளை நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி வருகிறது. பேனாவும் சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

வினோலியா வந்திருந்தாள். தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். நாசரேத்துக்காரி, ஆறு வருஷமாக என் வாடிக்கை. கிளப்பில் அவளுக்குச் சமமாகச் சுடுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். வரும் ஜூனில் அவள் பள்ளியில் ஷூட்டிங் ரேஞ்ச் திறக்கிறார்கள். போட்டியில் முதல் மூன்றுக்குள் வந்தால் ரேஞ்ச் பொறுப்பு அவளுக்கு என்று தாளாளர் ஆறுச்சாமி சொல்லியிருக்கிறார். ஒப்பந்த வேலை போய் நிரந்தரம் ஆகும். அவள் புருஷனுக்கு வேலை நிலையில்லை, வீடு இவள் தோளில்தான்.

உள்ளே வந்ததும், "என்ன அண்ணாச்சி, எம்மேல எதுவும் கோவமா?" என்றாள்.

"இல்லையே. ஏன்?"

"மொகம் அப்படி இருக்கு. முன்ன மாதிரி சிரிக்க மாட்டுக்கிய."

வியாபாரிக்குச் சிரிப்பு எதற்கு, சரக்குப் பேசினால் போதும் என்றேன்.

41-ல் மிச்சம் இருந்த ஒரு டப்பாவை எடுத்து அவள் சந்தில் நின்று ஒரு மேகசின் சுட்டாள். நான் அப்போது போனில் இருந்தேன். "இது நல்லாப் போவுதே அண்ணாச்சி. இதையே தாங்களேன்" என்றாள். முத்திரை விழாத சரக்கை நான் விற்பதில்லை என்றேன். "நீங்க சொன்னாச் சரி. முத்திரை இருந்தா நான் மறுபடி சுட்டுகூடப் பாக்க மாட்டேன்" என்றாள்.

இப்படிச் சொல்கிற வாடிக்கைக்காரர் ஒருவர் இருந்தால் போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

வேறு மூன்று பட்டறை ரவைகள் சுட்டேன். இறக்குமதி டப்பா ஒன்றும் சுட்டேன். எல்லாவற்றிலும் அதே நோய்: மூன்று ஒன்றாக, அப்புறம் சிதறல். ஊர் முழுக்க ஈயம் கெட்டுக் கிடக்கிறது. பழைய பேட்டரித் தகட்டை உருக்கி விற்கிறான்கள், அதுதான். விசாரித்த இரண்டு கடைக்காரர்களிடம் ராஜுலுவின் ஈயமும் முன்போல் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒளித்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

பிப்ரவரி 8, சனி

நடைப்பயிற்சியில் பக்கத்து வீட்டுக்காரர், "வலது கைக்குள்ள என்ன மறைச்சு வெச்சு நடக்கறீங்க?" என்று கேலி செய்தார். கையை வீசாமல் நடக்கிறேனாம். தோள்பட்டை வலிக்கிறது. புதுத் துப்பாக்கி கனம்.

பிப்ரவரி 12, புதன்

எண்ணெய் தேய்த்தும் தோள் வலி போகவில்லை. ராஜுலு கெட்டி ஈயத்தில் போட்ட 44-ம் லாட் வந்துவிட்டது. இன்றே பார்த்துவிட வேண்டும் என்று, நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் மணல் மூட்டையைப் போட்டுத் துப்பாக்கியை அதன்மேல் வைத்துச் சுட்டேன்.

பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்.

ஒரே ஓட்டை இல்லைதான். ஆனால் நாலாவது ரவை சிதறவில்லை. இரண்டாவது மேகசினும் அப்படியே. நான் சொன்னேன் அல்லவா, ஈயம் கெட்டியானால் சரியாகும் என்று? ராஜுலுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிய்யா, நீ சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டான். தோற்றுப்போனவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

நாற்பது டப்பாவுக்கு முத்திரை போட்டேன். முத்திரை சில இடத்தில் இரட்டையாக விழுந்தது. மைத்தட்டு காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

44 எல்லாம் போய்விட்டது. வினோலியாவுக்கு மூன்று டப்பா.

பிப்ரவரி 24, திங்கள்

வினோலியா திரும்ப வந்தாள். "அண்ணாச்சி, குறை சொல்லுதேன்னு நெனைக்காதிய. இந்த 44 லேசா இழுக்க மாதிரி இருக்கு. ஒண்ணு வலத்த போவுது, ஒண்ணு மேல போவுது. நேத்து ஒண்ணு மேகசின்லயே சிக்கிக்கிட்டு."

"இழுக்கறது ரவை இல்ல கண்ணு. போட்டிக்கு ஆறு நாள் இருக்குது, மனசு படபடங்குது. மனசு படபடத்தாக் கை இழுக்கும்."

"அப்படித்தானுங்க இருக்கும்" என்று என்னைப்போலவே இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "வேணும்னா அந்த 41-ல ஒரு டப்பா?" என்று மறுபடி கேட்டாள். திருப்பி அனுப்பியாயிற்று என்றேன். ஒரு டப்பா மேசை இழுப்பறையில் இருந்தது. முத்திரை இல்லாத சரக்கு, போட்டிக்கு ஆறு நாள். கொடுத்துவிட்டு நாளைக்கு யார் பதில் சொல்வது?

மார்ச் 2, ஞாயிறு

கிளப். வெயில்.

வினோலியாவின் முறை ஆறாவது. முதல் மூன்று தகடும் கடகடவென்று விழுந்தன. நாலாவது நின்றது. ஐந்து விழுந்தது. ஆறில் ரவை சிக்கி, அவள் மேகசினைத் தட்டி ஏற்றுவதற்குள் ஏழெட்டு வினாடி போயிற்று, அந்தத் தகடும் நின்றுவிட்டது. கடைசி இரண்டையும் அவசரத்தில் விட்டாள். மொத்தம் ஆறு தகடு. ஏழாமிடம்.

44 வாங்கிய மற்றவர்களும் சொதப்பினார்கள். முதல் மூன்று பேரும் வெளியூர் ரவை.

தேநீர்க் கொட்டகையில் ஆறுச்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடவே நாலைந்து பேர். "சிகாமணியண்ணா, உங்க ரவைன்னு சொன்னாங்க. என்ன ஆச்சுங்க?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "ரவையில ஒண்ணும் இல்லீங்க. நானே சுட்டுப் பார்த்தது. அந்தப் புள்ளைக்குக் கை பதறிருச்சு. போட்டின்னா அப்படித்தான்" என்றேன்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "பதறற கையை நம்பி எப்படிங்க பள்ளிக்கூடப் பசங்க கையில துப்பாக்கியக் குடுக்கறது?" என்றார்.

வினோலியா கொட்டகைக்கு வெளியே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும் என்று தோன்றவில்லை.

மார்ச் 3, திங்கள்

கேட்டிருக்கிறது. வினோலியா இன்று நடந்து போகும்போது கடைப்பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 5, புதன்

ரேஞ்ச் பொறுப்புக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம். ஆறுச்சாமியின் டிரைவர் ரவை வாங்க வந்தபோது சொன்னார். வினோலியாவை ஏப்ரலோடு வேலையிலிருந்து நிறுத்திவிடவும் யோசனையாம்.

நான் ஆரம்பத்தில் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. குழலை நூலளவு வளைத்து வைத்திருப்போம். காசு கொடுத்துச் சுடுகிறவன் ஒருத்தன்கூடத் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டதில்லை. "என் கை சரியில்லைங்க" என்று அவனே சொல்லிவிட்டுப் போவான். அந்தத் தொழிலுக்கு மூலதனமே அந்த வார்த்தைதான். அதை விட்டுவிட்டு வந்தபிறகுதான் முத்திரை செய்தேன்.

ஏன் இன்றைக்கு இது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் ராஜுலு சொல்லாமல் வந்தான். தோளில் சாக்கு. சாக்குக்குள் பெஞ்ச் வைஸ். பூங்கோதைதான் வரச் சொன்னாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சந்து மேசையில் அதை முடுக்கினான். துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் வைத்துக் கடிக்க வைத்தான்.

"இருபத்திரண்டு வருசம் உன் பேச்சைக் கேட்டேன்யா. இன்னிக்கு ஒரு நாள் நீ கேளு. வெளிக் கடையில எல்லாம் என் ஈயம் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கற. என் மருமகன் வந்து சொல்றான். பட்டறையை மூடிரலாமா மாமான்னு கேக்கறான்."

நான் டார்கெட் தாளை மாட்டிவிட்டு வந்தேன்.

சாக்கிலிருந்து 44 டப்பா ஒன்றை எடுத்துப் போட்டான். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள். நான் மணல் மூட்டையில் சுட்ட அதே அளவு. "பாத்தியா" என்றேன். அவன் தாளை மாற்றினான். மேசை இழுப்பறையை அவனே திறந்து 41-ஐ எடுத்தான். பூங்கோதை சொல்லியிருப்பாள்.

பத்தும் ஒரே ஓட்டை. பென்சில் நுழைகிற அளவு. இன்னொரு மேகசின் போட்டான். அந்த ஓட்டை கொஞ்சம்கூடப் பெரிசாகவில்லை.

"மேகசின்ல எதுவும் நசுங்கல சிகாமணி."

நான் யோசித்துப் பார்த்தேன். 41-ஐ நின்றுகொண்டு சுட்டேன். 44-ஐ உட்கார்ந்து, மூட்டையில் வைத்துச் சுட்டேன். இரண்டு தராசில் நிறுத்து ஒரே விலை சொன்னவன் மாதிரி. வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் கடையிலேயே நிறுத்திக் கேட்டிருப்பேன். மடக்குத் துப்பாக்கியில் ஏன் சிதறவில்லை? ஒவ்வொரு ரவைக்கும் இறக்கி, மடக்கி, மறுபடி ஏந்துகிறேன். கை ஓய்கிறது. செமி ஆட்டோ ஓயவிடாது.

ராஜுலு துப்பாக்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "சும்மா தோள்ல வெய்யி. சுட வேண்டாம்."

வைத்தேன். ஒன்று, இரண்டு என்று அவன் எண்ணினான். எட்டு வரை ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒன்பதில் குழலின் நுனி அசைந்தது. பதினொன்றில் எனக்கே தெரிந்தது.

வைஸை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். படி இறங்கும்போது, "டீக்கூடக் குடுக்கல நீ" என்றான்.

மார்ச் 8, சனி

நரம்பு டாக்டர். பூங்கோதை இரண்டு மாதத்துக்கு முன்பே சீட்டு வாங்கி வைத்திருக்கிறாள். நாலு தடவை தள்ளிப் போட்டிருக்கிறாள், நான் வரமாட்டேன் என்று.

நடக்கச் சொன்னார். பொத்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். ஏதாவது எழுதச் சொன்னார். காப்பித் தூளைக் காகிதத்தில் மடித்து மூக்கருகே பிடித்து, என்ன வாசம் என்றார். காகித வாசம் என்றேன்.

"எப்பத்துல இருந்து?" என்று கேட்டார். போன மாதத்திலிருந்து என்றேன்.

பூங்கோதை பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நான் சுட்டுக் கிழித்துப் போட்ட டார்கெட் தாள்கள். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, நீவி, பின்பக்கம் தேதி எழுதி வைத்திருக்கிறாள். போன ஆகஸ்டிலிருந்து.

டாக்டர் காலையில் எடுத்த ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பினார், ஜவுளிக்கடையில் துணி பரப்புவது மாதிரி. ஆகஸ்டில் பத்தும் ஒன்றாக. அப்போது பழைய மடக்குத் துப்பாக்கி. அக்டோபரில், கிளப்புக்காரர்களின் செமி ஆட்டோவை இரவல் வாங்கிச் சுட ஆரம்பித்தபோது, ஒன்று ஒதுங்கியிருக்கிறது. டிசம்பரில் மூன்று. ஜனவரியில் முதல் மூன்று ஒட்டி, மற்ற ஏழும் வலதுபக்கம் கீழாகச் சிதறியிருக்கின்றன, எல்லாத் தாளிலும் ஒரே பக்கம். ஈயம் கெட்டிருந்தால் அது நாலாபக்கமும் அல்லவா போகும்? அதைக்கூட நான் பார்க்கவில்லை.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிப்போர்ட் பார்த்ததில்லை" என்றார். பார்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மாத்திரைக்குக் கேட்கும், முழுசாகப் போகாது. தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், எழுத்தைப் பெரிசாக எழுதுங்கள் என்றார்.

ஆட்டோவில் வரும்போது பூங்கோதையிடம், "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"எத்தனை தடவை சொன்னேனுங்க. தையல்காரன், காப்பித் தூள், ராஜுலண்ணன் ஈயம்னு ஆள் மாத்தி ஆள் கைகாட்டுனீங்க. எம்மேல கைகாட்டாம இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ராஜுலுவின் பட்டறைக்குப் போனேன். தப்பு ஈயத்தில் இல்லை, என் கையில் என்று மருமகன் இருக்கும்போதே சொன்னேன். நான் பேசின இரண்டு கடைக்கும் அவன் எதிரிலேயே போன் போட்டேன். ராஜுலு பாதியில் போனைப் பிடுங்கி, "சரிங்க, அவருக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிட்டான். டீ வந்தது. முக்கால் டம்ளர். பூங்கோதை இங்கேயும் சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

வினோலியாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே பேசினாள்.

"தப்பு என் சரக்குல. அதுக்கு மேல என் கையில. உன் கையில ஒண்ணும் இல்ல கண்ணு."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"41 சுட்ட அன்னைக்கே தெரியும். நல்ல ரவையை வேண்டாம்னு சொல்லுதியளே, உங்க கையைப் பாத்தேன். போன் பிடிச்சிருந்த கை ஆடிக்கிட்டு இருந்துச்சு. எப்படிச் சொல்ல? எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"பின்ன ஏன் 44-ல போனே?"

"முத்திரை இருந்துச்சுல்லா." அப்புறம் சொன்னாள்: "ஆனா கொட்டகையில வச்சு சொன்னியளே, அது எனக்குத் தாங்கல. ஒரு வாரமா ஸ்டாஃப் ரூம்ல எல்லாவனும் எங் கையத்தான் பாக்கான். சாக்பீஸ் எடுத்தாக்கூடப் பாக்கான். நீங்க இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன அண்ணாச்சி செய்ய? எனக்குத்தான் தெரியுமே."

இதுதான் அவள் சொன்னதில் சரியான விலை. அந்தப் பொய்யை எங்கே விற்றேனோ அங்கேதான் திரும்ப வாங்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். எழுதி வைக்கிறேன், பொய் வேண்டாம். மாத்திரை கேட்கும் என்கிறார். வைஸ் இருக்கிறது. முத்திரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டீச்சர் வேலை, வேறு பள்ளியில் வாங்கிக்கொடுத்துவிடலாம், எனக்கு ஆள் இருக்கிறது. கை நடுங்குகிறவன் சுட்டுத் தேர்ந்த ரவை என்று ஊர் சிரித்தால் கடை என்ன ஆகும்?

பூங்கோதையிடம் கேட்டேன். "பலூன் கடையை விட்டப்பவும் என்ன ஆகும்னு இப்படித்தான் கேட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பருப்பு தாளிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

கிளப்பில் மாதக் கூட்டம். எல்லாரும் இருந்தார்கள். ஆறுச்சாமியும். வினோலியாவை வரச் சொல்லியிருந்தேன், கடைசி வரிசையில் நின்றாள். பூங்கோதையும் வந்தாள், இதுவரை கிளப்புக்கு வந்ததே இல்லை.

பேச்சு எனக்கு வராது. 41 டப்பாவை எல்லார் முன்னாலும் பிரித்து இரண்டு மேகசினில் பத்துப் பத்து ஏற்றினேன். ஏற்றவே நேரமாயிற்று, இரண்டு ரவை கீழே விழுந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோட்டில் போய் நின்றேன்.

ஆறுச்சாமி, "அண்ணா, நாற்காலி போடட்டுங்களா?" என்றார்.

"உக்காந்து சுட்டதுனாலதாங்க இந்த வம்பே."

சிரித்தார்கள். நான் சுட்டேன். மூன்று முடிந்தது. அப்புறம் வந்தது. இந்தத் தடவை நான் அதை மறைக்கவோ அழுத்திப் பிடிக்கவோ பார்க்கவில்லை. குழல் ஆடுவது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு ரவையையும் அப்படியே சுட்டு முடித்தேன்.

தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். மூன்று ஒட்டி, ஏழு சிதறி.

"வினோலியா" என்று கூப்பிட்டேன். அதே துப்பாக்கியையும் அதே டப்பாவில் ஏற்றின இரண்டாவது மேகசினையும் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கோட்டில் போய் நின்றாள். பத்து ரவை, பதினான்கு வினாடி. யாரோ எண்ணினார்கள். தாள் வந்தது. ஒரே ஓட்டை, ஓரத்தில் பல் கடித்த மாதிரி ஒரு சின்ன நெளிவு.

இரண்டு தாளையும் ஆறுச்சாமி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"பதறுற கை இது. அன்னிக்கு நான் சொன்னது பொய்யுங்க. இந்தக் கையில சுட்டுப் பார்த்துத்தான் நல்ல ரவையைத் திருப்பி அனுப்பிச்சேன். ஆகாத ரவைக்கு முத்திரை போட்டு அந்தப் புள்ளைகிட்டக் குடுத்தேன். அது இழுக்குதுன்னு வந்து சொல்லுச்சு. உன் கைதான் இழுக்குதுன்னு திருப்பி அனுப்பிச்சேன்."

போட்டி முடிவை மாற்ற முடியாது என்று செயலாளர் சொன்னார், விதி அப்படி. ஆறுச்சாமி அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. வினோலியாவின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், ரேஞ்சுக்கு எத்தனை துப்பாக்கி, என்ன ரவைன்னு நாளைக்குக் காலைல லிஸ்ட் எழுதிட்டு வந்திருங்க" என்றார்.

"41-ன்னு எழுதட்டுமா சார்?" என்றாள்.

"அதை அண்ணன்கிட்டக் கேளுங்க."

"அண்ணாச்சிகிட்ட எதுக்கு? நாந்தான் சுட்டுப் பாத்தாச்சே" என்றாள். போகிற போக்கில் என் பக்கம் திரும்பினாள். "சிரிச்சாத் தப்பில்ல அண்ணாச்சி."

சிரித்துத்தான் பார்த்தேன். முகத்தில் எவ்வளவு வந்ததோ தெரியாது.

மார்ச் 17, திங்கள்

முத்திரை ரப்பரில் "கையால்" என்ற எழுத்துகளை மட்டும் பிளேடால் செதுக்கி எடுத்துவிட்டேன். பூங்கோதை முத்திரையைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் எல்லா லாட்டும் வைஸில்தான். கேட்கிறவர்களிடம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் வந்த மூன்று பேரில் ஒருவர் வாங்காமல் போனார். இரண்டு பேர் வாங்கினார்கள்.

நேற்றைய என் தாளைப் பூங்கோதை எடுத்து வந்திருக்கிறாள். அந்தத் தாள் கட்டோடு சேர்க்கப் போகிறாளாம், அடுத்த மாதம் டாக்டருக்குக் காட்ட. பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவைக் கொடுத்தாள்.

"தேதி போடுங்க."

போட்டேன்.

"யார் கண்ணுக்குத் தெரியும் இது? பெருசாப் போடுங்க."

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தப் பக்கத்தையும் இரண்டு கோட்டுக்கு ஒரு வரியாகத்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். இந்தக் கணக்கில் போனால் டைரி செப்டம்பருக்குள் தீர்ந்துவிடும். இன்னொன்று வாங்க வேண்டும், கோடு அகலமாக இருக்கிறதா என்று பார்த்து.